தொண்ணூற்றாறு டிகிரி

பதினொரு மணியானால் அணைந்துவிடுகிறதாம்.
சொல்லிவைத்தாற்போல், பி.எஃப். பட்டியலில்
நானூறாவது பெயரைத் தாண்டும்போது.
"கரண்டுக்காரனக் கூப்பிட்டுப் பாத்தாச்சு,
மாடனுக்கு எலுமிச்சம்பழமும் அறுத்தாச்சு.
இனி நீதான் டெல்பின்" என்றார்
போனில் கணக்கர் குற்றாலிங்கம்.

வீரவநல்லூரிலிருந்து முக்கூடலுக்கு ஸ்கூட்டியில்.
காலுக்கிடையில் ஊதும் மிஷின்,
பையில் ஸ்பிரிட்டும் பேஸ்ட்டும் காதுக்குச்சியும்.
ஆனிக் காற்று ஆற்றுப் பாலத்தில்
வண்டியோடு என்னைப் பக்கவாட்டில் தள்ளியது.
ஊரெல்லாம் இவ்வளவு காற்று,
ஒரு முழப் பெட்டிக்குள் போக வழியில்லை.

பீடிக் கம்பெனி. வாசலிலேயே தும்மினேன்.
தராசுக்கும் இலைக்கட்டுக்கும் நடுவே
தரையில் கிடந்தது,
மேலே பூப்போட்ட துண்டு போர்த்தி.
"தூசி விழாம இருக்கத்தான்" என்றார் கணக்கர்.
பக்கத்து மூடியைக் காணோம்.
அந்தத் திறப்புக்கு எதிரே ஒரு மேசைவிசிறி
சித்திரையிலிருந்து
தூளை அள்ளி அள்ளி ஊட்டிக்கொண்டிருக்கிறது.

ஒயரைப் பிடுங்கி, பொத்தானைச் சும்மா அமுக்கி
மிச்சக் கரண்டை இறக்கி,
கொல்லை வேம்படிக்குத் தூக்கிப்போனேன்.
விசிறிக்கு அடியில்
புகையிலைத்தூள், தலைமுடி,
பீடி கட்டும் சிவப்பு நூல்துண்டுகள்,
எல்லாம் அமுங்கிக் கம்பளியாகி
அலுமினியத் தகடுகளின் இடுக்கை மூடியிருந்தது.
சீப்பில் சிக்கு எடுக்கிறாற்போல் இழுத்தேன்.
முழுசாக வந்தது.
உள்ளங்கையில் கனமே இல்லை.

பின்பக்க விசிறியில் ஒரு சின்ன அம்புக்குறி உண்டு,
யாரும் பார்ப்பதில்லை.
முன்னே வந்த எவனோ திருப்பி மாட்டியிருக்கிறான்.
வெளியே தள்ள வேண்டியது உள்ளே தள்ள
ரெண்டு காற்றும் நடுவில் முட்டிக்கொண்டு
நகராமல் கொதித்திருக்கின்றன,
பங்காளி வரப்புத் தகராறு மாதிரி.

ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.
விட்டால் அது பாட்டுக்குச் சுற்றி
அச்சு தேய்ந்துபோகும்.
பிடித்துக்கொண்டு ஊதினேன்.
பழுப்பாக ஒரு மேகம் எழும்பிப் போனது.

மரத்துக்கு அந்தப்பக்கம்
கட்டுப் போட வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர்,
மடியில் சுளகோடு.
"அது என்னட்டி?" என்றாள் முப்பிடாதி.
"இதோட மூச்சு அடைச்சிருக்குக்கா."
"எம்புட்டுச் சூடு தாங்கும்?"
"தொண்ணூத்தாறு, நூறு. தாண்டுனா
தானா அணைஞ்சிரும். யாரையும் கேக்காது."
"கொடுத்துவச்ச சவம்" என்றாள்.
சிரித்தாள், சிரிப்பு இருமலாகி
சுளகைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.
நிமிர்ந்து,
"எனக்கும் ஒரு ஊது ஊதிவிடு."
எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் பார்த்தேன்,
மேகாத்து நான் ஊதியதையெல்லாம்
அவர்கள் மேலேதான் கொண்டுபோயிருக்கிறது.
ஒருத்திகூட முந்தானையைத் தூக்கி
மூக்கை மூடவில்லை.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு
சுவருக்கு அடுத்த பக்கம் போனேன்.

பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது.
ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துத் துடைத்து
சிப்பில் என் மூக்குத்தி தெரிந்தது.
புதுசு ஓர் உளுந்தளவு போதும்.
நாலு காலையும் குறுக்குவாக்கில் அமுக்க
டக், டக், ஒன்று மட்டும் அடம்பிடித்து,
டக்.

மூடியை பீரோவுக்குப் பின்னாலிருந்து
தேடி எடுத்து மாட்டினோம்.
பெட்டியை ஸ்டூலில் ஏற்றினேன்.
பின்னால் கை வைத்துப் பார்த்தேன்,
வெதுவெதுப்பாக வெளியே வந்தது காற்று.
அறுபத்திரண்டு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்துமூன்று.
பட்டியல் ஓடியது.
நானூறு. நானூற்றியொன்று.
நானூற்றிப் பத்தொன்பது, முப்பிடாதி,
பிறந்த தேதிக் கட்டத்தில் கோடு மட்டும்.
அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

கணக்கர் முந்நூறு தந்தார்,
இருநூற்றைம்பது போதாதா என்ற முகத்தோடு.

பாலம் ஏறுகையில் போன் அடித்தது.
ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.
காற்றில் பாதிதான் கேட்டது:
"...நல்லா ஓடுது டெல்பின்...
இனி அந்தத் துண்டப் போத்திரலாமா?"